வேலூரில் கம்ப்யூட்டர் 'காம்போ' வாங்கப் போகிறவர்களுக்கு: 24,500 ரூபாய் விட்டவன் எழுதுகிறேன்

எனக்கு 'காம்போ' (ப்ராசசர், மதர்போர்டு, ரேம் மூன்றும் சேர்ந்த செட்) விற்ற வேலூர் கடைக்காரர் இன்று மதியம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். வாட்ஸ்அப்பில் கடைத் திறப்பு விழாப் படம் இருந்த இடத்தில் இப்போது வெறும் சாம்பல் வட்டம். பத்தொன்பது நாள் பொறுமையாக இருந்தேன், அண்ணா அண்ணா என்று கெஞ்சினேன். இனி எதற்கு? 24,500 ரூபாய். சீட்டு எடுத்த பணம்.

கடைப் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு முடிவுக்கு வரட்டும். லேப்டாப் சர்வீஸ், சிசிடிவி, டோனர் ரீஃபில் எல்லாம் ஒரே போர்டில் எழுதி வைத்திருக்கும் ரகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரகத்தில் ஒழுங்கான கடைகளும் வேலூரில் உண்டு. எனக்கு வாய்த்தது இது.

நான் குடியாத்தத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறேன். பழைய மெஷினில் முப்பத்தாறு பக்க ஆல்பத்தைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், அப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் புதிதாக ஒன்றை நானே அசெம்பிள் செய்வது என்று முடிவெடுத்து, ஒரு மாதம் ராத்திரி ராத்திரியாக வீடியோ பார்த்தேன். கேபினெட், எஸ்எம்பிஎஸ் (கரண்டு கொடுக்கும் பெட்டி), எஸ்எஸ்டி (ஃபைல் சேமிக்கும் டிரைவ்) மூன்றும் ஆன்லைனில் வாங்கிவிட்டேன், அதில் ஒரு குறையும் இல்லை. பாக்கி இருந்தது ப்ராசசர், மதர்போர்டு, ரேம். ப்ராசசர் இன்டெல் ஐ5-12400 என்று தெளிவாக இருந்தேன். அதிலேயே 12400எஃப் என்று இன்னொன்று உண்டு, விலை குறைவு. கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, தனியாக கார்டு போட்டால்தான் திரையில் படம் வரும். கார்டு வாங்க எனக்கு இப்போது வசதி இல்லை, அதனால் எஃப் வேண்டாம் என்று கடையில் இரண்டு தடவை சொன்னேன். அவரும் வாட்ஸ்அப்பில் '12400, எச்610 போர்டு, 16 ஜிபி, ஃபைனல் 24,500' என்று அனுப்பினார். அந்த மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

போன அன்று நல்ல வெயில். "குந்து தம்பி, குடியாத்தத்துலேர்ந்தா வர்ற?" என்று ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டார். டீ வந்தது. ப்ராசசருக்குப் பெட்டி இல்லையா அண்ணா என்றேன். "ட்ரே ஐட்டம் தம்பி, அதான் ரேட்டு கம்மி." சரி என்றேன். அப்புறம் அவர் சொன்னதுதான் என்னைக் கவிழ்த்தது. "முதல் தடவை பண்ற. ப்ராசசர் மாட்டுறதுதான் ரிஸ்க்கு, பின் வளைஞ்சா போர்டே போச்சு. நானே மாட்டி, கூலரும் போட்டுத் தரேன். சர்வீஸ் சார்ஜ் எல்லாம் வேணாம், நீ நம்ம பையன்." உள்ளே எடுத்துப் போய் பத்து நிமிஷத்தில் கொண்டுவந்தார். ப்ராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர் அதன் மேல் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. எனக்குக் கண் கலங்காத குறைதான். வீடியோ பார்த்து நான் பயந்துகொண்டிருந்ததே அந்த ஒரு வேலைக்குத்தான். கூலரை மாட்டிவிட்டால் அடியில் இருக்கும் ப்ராசசரின் பெயரையும் படிக்க முடியாது, அது உட்காரும் சாக்கெட்டையும் பார்க்க முடியாது என்பது அப்போது மண்டைக்கு ஏறவே இல்லை.

பில்? "பில்லு போட்டா 18 பர்சன்ட் ஜிஎஸ்டி சேரும், நம்ம பையனுக்கு எதுக்கு?" 4,410 ரூபாய் மிச்சம் என்று நானும் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பொய் சொல்லவில்லை, அந்த ஆசை எனக்கும் இருந்தது. க்யூஆர் ஸ்கேன் செய்தபோது யாரோ ஒரு அம்மா பெயர் வந்தது. "நம்ம வீட்டம்மாதான், போடு" என்றார். போட்டேன். 24,500.

வீட்டில் எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. மானிட்டரில் 'நோ சிக்னல்'. எங்கள் மாவட்டத்தைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. படம் இல்லாத கம்ப்யூட்டர் என்று நான் ஒன்று சேர்த்தேன். அந்தக் கோட்டைக் கோயிலின் சாமி ஜலகண்டேஸ்வரராவது 1981-லேயே திரும்பி வந்துவிட்டார்.

இரண்டு ராத்திரி தூங்கவில்லை. கேபிளை மாற்றினேன், டிவியில் சொருகிப் பார்த்தேன், ப்ராசசருக்குப் போகும் எட்டு பின் ஒயரைக் கழற்றி மாட்டினேன். போர்டின் செட்டிங்கை நினைவில் வைக்கும் சிமாஸ் பேட்டரியை எடுத்து வைத்தேன். கடைக்கு போன் செய்தால், "ரேமை ரப்பர் போட்டுத் தேய் தம்பி." தேய்த்தேன். போர்டு ஓரத்தில் சிபியு (ப்ராசசர்), டிராம் (ரேம்), விஜிஏ (படம்), பூட் என்று நான்கு பொடி விளக்குகள் இருக்கின்றன. எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. இது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. இரண்டு ரேம் போட்டால் டிராம் விளக்கு நின்றது. ஒன்றை எடுத்தால் அதைத் தாண்டி விஜிஏ விளக்கில் போய் நின்றது. அதாவது இரண்டு வியாதி.

பேரணாம்பட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் மாமா பையன் ஒரு பழைய ஜிடி 1030 கிராஃபிக்ஸ் கார்டைக் கொண்டுவந்து சொருகினான். படம் வந்தது. நான் கத்தியதில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். ஆன் செய்ததும் ப்ராசசர் பெயரைக் காட்டும் பயாஸ் திரையைப் பார்த்த அவன் மட்டும் சிரிக்கவில்லை. "மச்சான், இதுல எஃப் இருக்குது பாரு."

கூலரைக் கழற்றினோம். ப்ராசசர் மேல் சாம்பல் நிறப் பேஸ்ட் அப்பியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மெதுவாகத் துடைக்கத் துடைக்க ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, நான்கு, பூஜ்யம், பூஜ்யம். கடைசி எழுத்தின் மேல் பேஸ்ட் கொஞ்சம் காய்ந்து போயிருந்தது. நகத்தால் சுரண்டினேன். எஃப். ப்ராசசரைத் தூக்கி டார்ச் அடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தோம். சாக்கெட்டின் 1700 பின்களில் மற்றதெல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்க, ஓரத்தில் இரண்டு மட்டும் காற்றில் சாய்ந்த நெல் மாதிரி பக்கத்துப் பின் மேல் படுத்திருந்தன. ரேமைக் கட்டுப்படுத்துவதே ப்ராசசர்தான், அந்தத் தொடர்பு அறுந்தால் ஒரு ஸ்லாட் செத்துவிடும். அப்படித்தான் செத்திருக்கிறது. இதற்கு மேலும் ஒன்று: பெட்டியில் இருந்த சீரியல் நம்பர் வேறு, போர்டில் ஒட்டியிருந்த நம்பர் வேறு. புதுப் போர்டில் சாக்கெட் மேல் வரும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியும் எனக்குத் தரப்படவில்லை.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன். இந்த முறை குந்து என்று யாரும் சொல்லவில்லை. எஃப்பைக் காட்டினேன். "எஃப்னா ஃபாஸ்ட்டு தம்பி. உனக்கு நல்லதாதான் குடுத்திருக்கேன்." இதை அவர் சிரிக்காமல் சொன்னார். பின்னைக் காட்டினேன். "உங்க ஊர் கரண்டு அப்டி." கரண்டு பின்னை வளைக்குமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கடைசியில் போர்டை வைத்துவிட்டுப் போ, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அனுப்பி நாலு நாளில் மாற்றித் தருகிறேன் என்றார். மறுபடியும் நம்பினேன். என்னை என்னவென்று சொல்ல.

நாலு நாள் ஒன்பது நாள் ஆனது. இன்ஜினியர் லீவு. பார்சல் வரவில்லை. மீட்டிங்கில் இருக்கிறேன். பிறகு நானே நேரில் போனேன். என்னிடம் சொல்லாமல் என் போர்டைத் திருப்பி வாங்கி வைத்திருந்தார்கள், மேலே ஒரு ஸ்டிக்கர்: 'பிசிக்கல் டேமேஜ்'. "நீதான கழட்டுன? அப்ப வளைஞ்சிருக்கும். வாரன்டி கிடையாது." மாட்டியது நீங்கள்தானே அண்ணா என்றேன். "பில்லு எங்க?" என்றார். இந்தக் கேள்விக்காகத்தான் அன்றைக்கு 4,410 ரூபாயை எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்.

அதன் பிறகு மெசேஜ் எல்லாம் நீல டிக்கோடு நின்றது. இன்று அதுவும் போனது.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஒன்றும் வரிசையாக வரவில்லை. நினைவுக்கு வந்ததைச் சொல்கிறேன். பில் இல்லாமல் ஒரு ஸ்க்ரூகூட வாங்காதீர்கள். ப்ராசசரைக் கையில் வாங்கி அதன் மேல் இருக்கும் எழுத்தைக் கடைசி எழுத்து வரை படியுங்கள், அதற்கு முன் கூலர் போட விடாதீர்கள். ட்ரே என்றால் வேண்டாம். பெட்டியோடு வருவதற்கு இன்டெல்லே மூன்று வருஷ வாரன்டி தருகிறது, ட்ரேக்கு விற்ற கடைதான் கதி. சாக்கெட்டை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லி போட்டோ எடுங்கள். கடையிலேயே மானிட்டரில் படம் காட்டிய பிறகு பணம் போடுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915-க்கு அடியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிகம்தான். பில் இல்லாவிட்டாலும் யுபிஐ ரசீதையும் சாட்டையும் அழித்துவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை வாங்கிய பொருளுக்குப் புகார் கட்டணம் கிடையாது.

நான் 1915-ல் பதிவு செய்துவிட்டேன், நம்பர் வந்திருக்கிறது. அங்கே சரியாகவில்லை என்றால் திங்கட்கிழமை ஆணையத்துக்குப் போகிறேன். 24,500 ரூபாயில் ரேம் இரண்டு மட்டும்தான் உருப்படி. ஜிடி 1030-ஐ மாமா பையன் நேற்று வாங்கிக்கொண்டு போய்விட்டான், அவனுக்கும் பிழைப்பு இருக்கிறது. நாளைக் காலையில் ஒரு பெண் வீட்டுக்காரர்கள் ஆல்பம் பார்க்க வருகிறார்கள். பழைய மெஷினில் எக்ஸ்போர்ட் போட்டிருக்கிறேன், இதை எழுத ஆரம்பித்தபோது பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. இப்போது பதின்மூன்று.