முதலாமாண்டுக்கு முன்பு இரண்டு வார இறுதிகள்: கரோல் பாக் முன்னோட்ட வகுப்பு பற்றி

தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் தமிழ் மாணவர்களுக்காகக் கரோல் பாகில் ஒரு சிறு குழுவினர் ஜூலை மாதக் கடைசியில் முன்னோட்ட வகுப்பு நடத்துகிறார்கள். இரண்டு வார இறுதிகளில் சனி, ஞாயிறு என நான்கு நாட்கள். காலை பத்து மணி முதல் மதியம் இரண்டு மணி வரை. கட்டணம் 2,400 ரூபாய். கும்பகோணத்தில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து, தெற்கு வளாகக் கல்லூரி ஒன்றில் வரலாறு படிக்க வந்திருக்கும் என் தங்கை மகளையும், இங்கேயே பிறந்து வளர்ந்து, வடக்கு வளாகத்தில் வேதியியல் கிடைத்திருக்கும் எங்கள் மாடி வீட்டுப் பையனையும் இதில் சேர்த்தோம். முதல் நாள் முழுவதும் பெற்றோரும் உறவினரும் உடன் அமரலாம் என்பதால் நானும் அமர்ந்தேன். மற்ற நாட்களில் நடந்ததைப் பிள்ளைகள் எழுதிவந்த குறிப்புகளிலிருந்து தெரிந்துகொண்டேன்.

பொறுப்பாளர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். வரவேற்புரை, அறிமுகம் என்று நேரத்தைக் கழிக்காமல், வந்ததும் பலகையில் 160 என்று எழுதி, அதன் கீழே 90, 30, 40 என்று பிரித்துக் காட்டினார். 2022-இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்ட அமைப்பின்படி, வாரம் மூன்று விரிவுரையும் ஒரு டுடோரியலும் (சிறு குழுவாக நடக்கும் வகுப்பு) கொண்ட நான்கு கிரெடிட் (தாளின் எடையைக் குறிக்கும் அலகு) தாள் ஒன்றுக்கு மொத்தம் 160 மதிப்பெண். செமஸ்டர் இறுதித் தேர்வுக்கு 90, வகுப்புத் தேர்வும் கட்டுரையும் வருகையும் சேர்ந்த இன்டர்னலுக்கு 30, டுடோரியலில் நடக்கும் தொடர் மதிப்பீட்டுக்கு 40. அதாவது இறுதித் தேர்வுக்கான அறைக்குள் நுழைவதற்கு முன்பே 70 மதிப்பெண்ணின் கணக்கு முடிந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் மெத்தனமாக இருந்துவிட்டு, கடைசி இரண்டு மாதங்களில் இரவும் பகலும் படித்துப் பொதுத்தேர்வில் கரையேறிய பிள்ளைகளுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை என்று நினைக்கிறேன். முழுக் கட்டணமும் இந்த ஒரு மணி நேரத்துக்கே தகும். செய்முறை உள்ள அறிவியல் தாள்களில் பிரிவினை வேறு மாதிரி என்பதையும் தனியாகச் சொன்னார். மாடி வீட்டுப் பையன் அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டான்.

அதே மூச்சில் கிரெடிட் கணக்கையும் விளக்கினார். ஒரு செமஸ்டருக்கு 22 கிரெடிட். முதன்மைப் பாடத்தில் மூன்று தாள்களுக்கு 12, வேறொரு துறையிலிருந்து எடுக்க வேண்டிய விருப்பத்தாளுக்கு 4, மொழி அல்லது சுற்றுச்சூழல், திறன் வளர்ச்சி, விழுமியம் ஆகிய மூன்று சிறு தாள்களுக்குத் தலா 2. இந்தச் சிறு தாள்களைப் பிள்ளைகள் சில்லறையாக நினைத்து வகுப்புக்கே போகாமல் விடுவதும், பின்னர் மொத்தச் சராசரி சரிந்ததற்குக் காரணம் தேடி அலைவதும் ஆண்டுதோறும் நடப்பதாக அவர் சொன்னார். 22-இல் 6 என்பது கால் பங்குக்கும் மேல் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான் எனக்கும் அது உறைத்தது.

வருகைப்பதிவைப் பற்றி அவர் பேசியது பெற்றோருக்கென்றே பேசியது போலிருந்தது. விரிவுரைகளில் மூன்றில் இரண்டு பங்குக்காவது வந்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக விதி. பள்ளியில் ஒரு நாள் போகாவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துவிடுவார். கல்லூரியில் யாரும் அழைக்கமாட்டார்கள். செமஸ்டர் முடியும் தறுவாயில் அறிவிப்புப் பலகையில் பெயர்ப் பட்டியல் ஒட்டப்படும்போதுதான் பலருக்கு நிலைமை தெரியவரும். அந்த இடைவெளியைப் பெற்றோர் தினசரி விசாரணையால் நிரப்பக் கூடாது என்றும், பிள்ளையே மாதக் கடைசியில் தன் வருகையைத் தாள்வாரியாக எண்ணிப் பார்க்கும் பழக்கத்துக்கு வர வேண்டும் என்றும் அவர் கூறியதை அங்கிருந்த தந்தையரில் பலர் ரசிக்கவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது.

இரண்டாம் நாள் முழுவதும் எழுத்துக்கும் வாசிப்புக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. 2022 முதல் சேர்க்கை கியூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வின் வழியாக நடக்கிறது. அதில் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். அதற்கே பழகிய பிள்ளைகள், கல்லூரிக்கு வந்ததும் ஒரே கேள்விக்குப் பக்கம் பக்கமாக வாதம் அமைத்து எழுத வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சிறு விரிவுரையை வேகமாக நிகழ்த்தி, ‘நோட்ஸ்’ சொல்லித்தராமல், கேட்டதை அவரவரே குறித்துக்கொள்ளச் செய்து, பிறகு அந்தக் குறிப்பை மட்டும் வைத்து விடை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். என் தங்கை மகள் அன்று மாலை சற்றுக் கலங்கிப்போய், “பெரியம்மா, அங்கே பாடப்புத்தகம்னு ஒண்ணே கிடையாதாமே?” என்று கேட்டாள். வரலாற்றுத் துறையில் அது உண்மைதான்: ஒவ்வோர் அலகுக்கும் நூற்பகுதிகளும் கட்டுரைகளும் கொண்ட வாசிப்புப் பட்டியல் தருவார்கள், அநேகமாக எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு கட்டுரையின் தொடக்கத்தையும் முடிவையும் முதலில் படித்து, ஆசிரியர் யாருடைய கருத்தை மறுக்கிறார் என்று கண்டுபிடித்து, அதன் பிறகே நடுப்பகுதிக்குள் போகும் முறையை ஒரு கட்டுரையை வைத்தே பயிற்றுவித்தார்கள். தமிழ் வழியில் படித்தவர்கள், விளங்கிக்கொண்ட கருத்தை முதலில் தமிழில் இரண்டு வரி எழுதிவிட்டு ஆங்கிலத்துக்குப் போகலாம் என்ற ஆலோசனை அவளுக்குத் தெம்பைக் கொடுத்தது.

ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும் பயிற்சியும் அன்றே நடந்தது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளி விடுப்பு விண்ணப்பத்தின் அச்சிலேயே, அனுப்புநர், பெறுநர், ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி’ என்று எழுதியிருக்கிறார்கள்; தேவையில்லாத காய்ச்சலைக்கூட ஒருவன் சேர்த்திருந்தானாம். தாளின் பெயர், எந்தப் பகுதி புரியவில்லை, அதற்காக எதைப் படித்துப் பார்த்தேன், எப்போது வந்து சந்திக்கலாம் என்ற நான்கு செய்திகளுடன் ஐந்து வரியில் முடிக்கும்படி திருத்தித் தந்தார்கள்.

மூன்றாம் நாள் பெரிய ஏமாற்றம். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைத்துவந்து, கண்ணை மூடிக்கொண்டு பத்தாண்டுக்குப் பிந்தைய தங்களைக் கற்பனை செய்யும்படி பிள்ளைகளிடம் சொல்லி இரண்டு மணி நேரத்தை வீணடித்தார்கள். அடுத்த வாரம் எந்த விருப்பத்தாளை எடுப்பது என்று தெரியாத பிள்ளைக்குப் பத்தாண்டுக்குப் பிந்தைய தரிசனம் எதற்கு? அந்த நேரத்தில் வாராந்திர அட்டவணைப் பயிற்சியை விரிவாகச் செய்திருக்கலாம். அது மீதமிருந்த அரை மணி நேரத்தில் அவசரமாக நடந்தது. மயூர் விஹாரிலிருந்து நீலத் தடத்தில் ராஜீவ் சௌக் வந்து, அங்கே மஞ்சள் தடத்துக்கு மாறி விஸ்வவித்யாலயா நிலையத்தில் இறங்கும் மாடி வீட்டுப் பையன், மெட்ரோவில் படித்துக்கொள்ளலாம் என்று தன் அட்டவணையில் எழுதியிருக்கிறான். காலை நெரிசலில் ராஜீவ் சௌக்கைக் கடப்பவர் எவரும் அப்படி எழுதமாட்டார் என்று சொல்லித் திருத்த அங்கே ஆளில்லை.

தங்குமிடம் பற்றிப் பேசிய இரண்டாமாண்டு மாணவி சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசியிருக்கிறார். தெற்கு வளாகத்தை ஒட்டிய சத்ய நிகேதனிலோ வடக்கு வளாகத்தை ஒட்டிய கமலா நகரிலோ பிஜி (வாடகைக்கு அறை தரும் விடுதி) பார்ப்பவர்கள், முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் பணம் தரக் கூடாது. கீசர் வேலை செய்கிறதா என்று ஆகஸ்டிலேயே பார்த்துவிட வேண்டும். முதல் செமஸ்டர் தேர்வு வருவதும் தில்லிக் குளிர் இறங்குவதும் ஒரே சமயத்தில்தான் என்பதை ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் முன்கூட்டியே அறிந்திருக்க வாய்ப்பில்லை. ரஜாய் (பஞ்சு வைத்த கனத்த போர்வை), கம்பளிச் சட்டை ஆகியவற்றுக்கு அக்டோபரிலேயே பணம் ஒதுக்கச் சொன்னதும் நல்ல யோசனை. ராகிங் பற்றி, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளையும் 1800-180-5522 என்ற உதவி எண்ணையும் கொடுத்து, பயமுறுத்தாமல் முடித்துக்கொண்டார்கள்.

கடைசி நாளில் சான்றிதழ்களைப் பற்றிச் சொன்னது காலம் கடந்த உபதேசம். தமிழ்நாட்டில் வழங்கப்படும் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் போதாது. சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், மத்திய அரசின் படிவத்தில் வளமான பிரிவைச் சேராதவர் என்ற சான்றும் வேண்டும். இதை ஜூலைக் கடைசியில், சேர்க்கை பெரும்பாலும் முடிந்த பிறகு சொல்லி என்ன பயன்? பிப்ரவரியில் ஒரு நாள் தனியாகக் கூட்டம் நடத்தினால் ஊரில் இருப்பவர்களுக்கும் இணையவழியில் உதவியாக இருக்கும்.

இன்னொரு குறை, இரு வகைப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்தது. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இந்தி தெரியாது. ஆட்டோக்காரரிடமும் கல்லூரி அலுவலகத்திலும் பேசுவதற்கான வாக்கியங்களைச் சொல்லிக்கொடுத்த வேளையில், தில்லிப் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் விரிவுரைக்கு நடுவே இந்திக்கு மாறிவிட்டால் எப்படிக் கேட்டுக்கொள்வது என்ற முக்கியமான விஷயம் அதில் விடுபட்டுவிட்டது. மறுபுறம், வீட்டிலேயே இருந்து படிக்கப்போகும் தில்லிப் பிள்ளைகளின் சிக்கல் வேறு: பள்ளிக்கால அட்டவணையையே வீடு தொடர்ந்து நடத்தப் பார்க்கும். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

தமிழில் அச்சிட்ட கையேடு தருகிறார்கள். மொழி நன்றாக இருக்கிறது. கிரெடிட், டுடோரியல், செமஸ்டர் போன்ற சொற்களை விபரீதமாக மொழிபெயர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அச்சுத்தான் மோசம், அட்டவணைகள் மங்கல். இடைவேளையில் தந்த ஃபில்டர் காபி தரமானது. அறை இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லை. வயதானவர்கள் முதல் நாளுக்கு வருவதாக இருந்தால் கவனிக்கவும்.

ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். தில்லியிலேயே படித்தவர்கள் முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும் சேர முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். பாதிக் கட்டணத்தில் அனுமதிப்பதாகப் பொறுப்பாளர் சொன்னார். வகுப்புக்குப் பிறகு சந்தேகம் கேட்பதற்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. ஆனால் அது செப்டம்பர் முடிவில் மூடப்படுகிறது. இன்டர்னல் கட்டுரைகளைத் திரும்பப் பெற்று, குறைந்த மதிப்பெண்ணைக் கண்டு பிள்ளைகள் தடுமாறுவது அதற்குப் பிறகுதான் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த ஆண்டு முதல் டிசம்பர் வரை நீட்டிப்பதாகவும், அதற்காகக் கட்டணத்தில் 200 ரூபாய் கூடும் என்றும் பதில் சொன்னார்.