டிவி பதிவு: ரீமக்ஸ் போதுமா, மறுபடி என்கோட் செய்யணுமா?

அழகர் ஆற்றில் இறங்கும் நேரலையை இலவச டிடிஎச் பாக்ஸில் பென்டிரைவில் பதிந்துவிட்டு, "போன்ல படம் ஓடுது, சத்தம் வரலையே" என்று மதுரையில் வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். கையில் இருப்பது டிஎஸ் (.ts) கோப்பு, அதாவது ஒளிபரப்பு வந்தபடியே பதிவான கோப்பு. உள்ளிருக்கும் படத்தையும் ஒலியையும் தொடாமல், எம்பி4, எம்கேவி என்று வெளி உறையை மட்டும் மாற்றுவது ரீமக்ஸ். படத்தையும் ஒலியையும் முழுசாக மறுபடி சுருக்கி எழுதுவது என்கோட். பாக்ஸே பூட்டிவைத்த பதிவுக்கு இரண்டும் உதவாது.

நேரம்: ரீமக்ஸ் சில நிமிடம். என்கோட், பழைய லேப்டாப் என்றால் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.
தரம்: ரீமக்ஸில் துளியும் குறையாது. என்கோடில் கொஞ்சம் போகும்.
இடம்: ரீமக்ஸில் இடம் மிச்சமாகாது. என்கோடில், எம்பெக்-2 என்ற பழைய சுருக்கு முறைப் பதிவை எச்.264 என்ற புதிய முறைக்கு மாற்றினால் நன்றாகச் சுருங்கும்.

ஒலிதான் தலைவலி. கோடை மழையில் சிக்னல் விட்டுப்போன இடத்தில் பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலைந்திருக்கும். அப்புறம் வர்ணனை ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். வெறும் ரீமக்ஸ் அந்த ஓட்டையையும் சேர்த்தே கொண்டுபோகும். எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இலவச மென்பொருளில் படத்தை அப்படியே விட்டு, ஒலியை மட்டும் போன்களுக்குப் பழக்கமான ஏஏசி (AAC) வடிவம் ஆக்கி, ஏரீசாம்பிள் (aresample) ஃபில்டரில் அசிங்க் (async) சேர்த்தால் விட்டுப்போன இடத்தில் மௌனம் நிரம்பி, பெரும்பாலும் ஒத்துவரும். போனில் சத்தம் வராததற்கும் இதே மருந்துதான். டிவி ஒளிபரப்பில் வரும் எம்பி2 வடிவ ஒலியைப் பல போன்கள் கண்டுகொள்வதே இல்லை.

தங்கக் குதிரை அசையும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறதா? அது இன்டர்லேஸ்: ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி வரும் படம். கோப்பிலேயே அதைச் சரிசெய்ய என்கோட்தான் வழி: ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற இலவச மென்பொருளில் டீஇன்டர்லேஸ் போட்டு, தர எண் (RF) 20 வாக்கில் வையுங்கள்.

வீட்டு டிவிக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் ரீமக்ஸ். துபாயில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்ப என்கோட். அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை டிஎஸ்ஸை அழிக்காதீர்கள்.