பெரியப்பாவின் சோடா பாட்டில், அம்மாவின் இசிஜி

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்காகத்தான் இந்தத் தடவை சிங்கப்பூரில் இருந்து வந்தேன். விமான நிலையத்திலேயே மெட்ரோ ஏறி தண்டையார்பேட்டையில் இறங்கினால் வீடு நடக்கிற தூரம். நாலு நாளில் திரும்புவதாக இருந்தது. பதினெட்டு நாள் இருந்துவிட்டேன். லேப், சுகாதார நிலையம், இதய டாக்டர் என்றே அத்தனை நாளும் ஓடின. வயதான அப்பா அம்மாவை ஊரில் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள். "கொடுத்து வச்ச மனுஷன். படுக்கையில கிடக்காம பொசுக்குன்னு போயிட்டாரு." அவருக்கு 71 வயது. பெரியம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மாடி ஏறினால் பெரியப்பாவுக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது, இடது தோள் இழுத்திருக்கிறது. கேஸ் என்று நினைத்து, முனைக் கடையில் கோலி சோடா வாங்கி எலுமிச்சம்பழம் பிழிந்து உப்புப் போட்டுக் குடித்திருக்கிறார். ஏப்பம் வந்ததும் சரியாகிவிட்டது என்று படுத்திருக்கிறார். பிபி நார்மல் ஆகிவிட்டதென்று மூன்று மாதமாக மாத்திரையும் போடவில்லை. காலி பாட்டில் கட்டிலுக்கு அடியில் இன்னும் கிடந்தது. கடைக்காரர் கேட்கவில்லை, பெரியம்மாவும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

பொசுக்கென்று போகவில்லை. உடம்பு இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

நாம் மாரடைப்பையும் இதயம் திடீரென நின்றுபோவதையும் ஒன்றாகவே பேசுகிறோம். மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அப்போது ஆள் பேசுவார், நடப்பார், ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரிக்கே போய்விடுவார். இதயம் நிற்பது வேறு. துடிப்பை நடத்துகிற மின்னோட்டம் தாறுமாறாகி, இதயம் ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்கும். ஆள் அப்படியே சரிந்துவிடுவார், மூச்சு இருக்காது. அந்த நேரத்தில் யாரும் நெஞ்சை அழுத்தாமல் போகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டே போகும். கவனிக்காமல் விட்ட மாரடைப்பு இதில் வந்து முடிவது சாதாரணம். ஏற்கனவே ஒரு அட்டாக் வந்தவர்கள், இதயம் ரத்தத்தைத் தள்ளும் வலு (பம்பிங்) குறைந்துபோன வயதானவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அடுத்த நாள் அம்மா வத்தல் காயப்போட மொட்டை மாடிக்கு ஏறினார். நான் பின்னால் போனேன். பதினாறு படிதான். இரண்டு இடத்தில் நின்றார். கேட்டால், "வயசாச்சுப்பா, மூச்சு வாங்குது, அவ்ளோதான்" என்றார். அம்மாவுக்கு 66 வயது, பதினான்கு வருடமாகச் சர்க்கரை. சர்க்கரை நாள்பட்டால் நரம்பு மரத்துப்போய், இதயத்தில் கோளாறு வந்தாலும் நெஞ்சு வலியே தெரியாமல் போகலாம். மூச்சு வாங்குவது, காரணமில்லாத வியர்வை, குமட்டல், தாடையிலோ மேல் முதுகிலோ வலி என்று வேறு வழியில் காட்டும். பெண்களுக்கு இப்படி வருவது அதிகம். அன்றைக்கே டிக்கெட்டை மாற்றினேன்.

முதலில் செய்தது தப்பான வேலை. போனில் பார்த்து ஒரு தனியார் லேபில் ஹார்ட் பேக்கேஜ் போட்டேன். காலை ஆறரைக்குப் பையன் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தான், சாயங்காலமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது. வேகம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதினெட்டுப் பக்கத்தில் எது அவசரம், எது சாதாரணம் என்று சொல்ல ஆள் இல்லை. போன் செய்தால் வைட்டமின் டெஸ்ட் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். சிவப்பு எழுத்தைப் பார்த்து அம்மா அன்றிரவு தூங்கவே இல்லை. வயதானவர்களுக்கு முதலில் டாக்டர், அவர் எழுதிக் கொடுத்தால் லேப் என்றுதான் போக வேண்டும்.

அப்புறம் பக்கத்தில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். இதை முதலிலேயே செய்திருக்கலாம். பிபி, சர்க்கரை பார்த்து மாத்திரையும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிற அக்கா எங்கள் தெருவுக்கும் வருகிறார். பெரியப்பா பெயரும் அவருடைய நோட்டில் இருந்தது. "ஐயா வேணாம்னுட்டாரும்மா" என்று பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். மாத்திரை வீட்டு வாசல் வரை வந்திருக்கிறது.

அங்கிருந்த நர்ஸ் இன்னொன்றும் சொன்னார். 2023இல் வந்த இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு அறிகுறியோடு வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்து 14 மாத்திரை. பார்த்துவிட்டு அவர்கள்தான் கொடுக்க வேண்டும், நாமாக வாங்கிப் போடக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

இதய டாக்டரை ஒரு சின்ன கிளினிக்கில் பார்த்தோம். டோக்கன் 34, இரவு ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. ஆனாலும் அம்மாவின் மூன்று வருடத்துக்கு முந்தைய இசிஜியையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வளைவு மாறியிருக்கிறது என்று பேனா முனையால் காட்டினார். பழைய பேப்பரை அம்மா ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. எக்கோ என்கிற இதய ஸ்கேனில் பம்பிங் 52 சதவீதம். பயப்படும் அளவில்லை என்றார். 35க்குக் கீழே போனவர்களுக்குத்தான் திடீர் மரண ஆபத்து அதிகம் என்று துடிப்பு தாறுமாறானால் உள்ளிருந்தே ஷாக் கொடுக்கும் ஐசிடி கருவியை உடம்பில் வைப்பது பற்றி யோசிப்பார்களாம்.

இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்தார்கள். இரண்டு இடத்தில் சுருக்கம், குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வேண்டாம், மாத்திரை போதும். "நல்லாயிட்டோம்னு நிறுத்தக் கூடாதும்மா. மாத்திரையாலதான் நல்லா இருக்கீங்க" என்றார் டாக்டர். பெரியம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரையையும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். அது பிபியை ஏற்றும், இதயத்துக்கும் ஆகாது. உப்பு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். காசிமேட்டு நெத்திலிக் கருவாடு அம்மாவுக்கு உயிர். அதை விடச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

வடசென்னை என்றால் வசதியில்லாத பக்கம் என்று நம் ஆட்களே பேசுகிறோம். இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷன் 1975இல் நடந்தது பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்தான். செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். ஆஞ்சியோ செய்கிற கேத் லேப் உள்ள ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி எங்கள் வீட்டுக்குக் கிட்டத்திலேயே இருக்கிறது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். நேரம் போவதெல்லாம் வீட்டுக்குள்ளும் சந்துக்குள்ளும்தான்.

எங்கள் சந்தின் நீளத்தை நான் காலடியால் அளந்தேன். மெயின் ரோட்டில் இருந்து வீட்டு வாசலுக்கு 210 அடி வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் பைக், நடுவில் தண்ணீர் டிரம். 108 வண்டி உள்ளே வராது. சிங்கப்பூரில் நான் இருக்கும் பிளாக்கின் லிஃப்ட் பக்கத்திலேயே ஷாக் கொடுக்கும் ஏஇடி பெட்டி மாட்டியிருக்கிறது. இங்கே அது இல்லை, ஆனால் ஆள் இருக்கிறது. எந்நேரமும் தெருவில் பத்துப் பேராவது இருப்பார்கள்.

சித்தப்பா மகள் நர்சிங் படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் அவளை வைத்து, தெருமுனை கேரம் கிளப் பையன்கள், எதிர்வீட்டு அக்கா என்று எட்டுப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தோம். பழைய இலவம்பஞ்சுத் தலையணைதான் நோயாளி. கூப்பிட்டு, தட்டிப் பார். அசைவு இல்லை, மூச்சு சரியில்லை என்றால் ஒருத்தர் 108க்குப் போன். இன்னொருத்தர் நெஞ்சின் நடுவில் ஒரு கைமேல் இன்னொரு கை வைத்து, முழங்கையை மடக்காமல், 5 செ.மீ.க்குக் குறையாமல் அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தலுக்கும் பிறகு நெஞ்சு மேலே எழும்ப விட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்ற வேண்டும். பையன்கள் முதல் நிமிடத்திலேயே மூச்சு வாங்கினார்கள்.

"விலா எலும்பு உடைஞ்சிட்டா?" என்று கேட்டார் எதிர்வீட்டு அக்கா. "எலும்பு கூடிடும்க்கா. ஆளு போனா வரமாட்டாரு" என்றாள் தங்கச்சி. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அக்காவே முட்டி போட்டு, தலையணையை இழுத்து வைத்து அழுத்த ஆரம்பித்தார்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், இசிஜி நகல், மாத்திரைப் பட்டியல், ரத்த வகை, 108க்குச் சொல்ல வேண்டிய லேண்ட்மார்க் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வாசல் ஆணியில் மாட்டினேன். தூக்கிக்கொண்டு போக வசதியாக, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் சேர் ஒன்றை அதற்கு நேர் கீழே போட்டோம். பெரியம்மா அந்த சேரில் உட்கார்ந்து பார்த்தார், நன்றாகத்தான் இருக்கிறது என்றார். சோடா பாட்டிலை அன்றைக்குத்தான் கடையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.