சொந்தப் பாட்டை வெளியே கொண்டுபோக எந்த வழி?

பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பதிவும் செய்தாயிற்று. கையில் இருப்பது சில ஆயிரம் ரூபாய்தான். அதை எதில் போடுவது? சினிமாவுக்கு வெளியே தமிழில் பாட்டு கட்டுகிறவர்களுக்காக, இருக்கிற வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் தளங்களில் பாட்டை நாமே நேரடியாக ஏற்ற முடியாது. நடுவில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் ஆண்டுச் சந்தா வாங்குகிறது, ஸ்ட்ரீமிங் வருமானத்தில் பங்கு கேட்பதில்லை. ஆனால் சந்தாவை நிறுத்தினால், கூடுதல் கட்டணம் கட்டி நிரந்தரமாக்காத பாட்டுகள் தளங்களிலிருந்து இறங்கிவிடும். சிடி பேபியில் ஒருமுறை கட்டணம், அதோடு வருமானத்தில் 9 சதவீதம். ரூட்நோட்டின் இலவசத் திட்டத்தில் முன்பணமே இல்லை, 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு பாட்டு போடுகிறவருக்கு ரூட்நோட் போதும் என்பேன். 2024 முதல், 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை பணமே தருவதில்லை. வராத பணத்தில் 15 சதவீதம் போனால் என்ன? மாதம் ஒரு பாட்டு போடுகிறவர், கேட்க ஆளும் சேர்ந்துவிட்டவர் என்றால் டிஸ்ட்ரோகிட் லாபம்.

யூடியூபா, ஸ்ட்ரீமிங்கா என்றால் முதலில் யூடியூப்தான். லிங்க் அனுப்பினால் யாரும் கணக்குத் தொடங்காமலே கேட்கலாம். வரிகளைத் திரையில் ஓடவிடலாம். வரிகளை நம்பி எழுதுகிறவருக்கு இது பெரிய விஷயம். விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் (அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடிப் பார்வையும்) வேண்டும். அதனால் ஆரம்பத்தில் அதை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள். ரீல்ஸுக்குப் பல்லவியின் இரண்டு வரி போதும், செலவும் இல்லை.

அப்புறம் பிளேலிஸ்ட். 'பிளேலிஸ்டில் சேர்க்கிறோம், இத்தனை ஆயிரம் ஸ்ட்ரீம் உறுதி' என்று பணம் கேட்கிறவர்கள் பக்கமே போகாதீர்கள். போலி ஸ்ட்ரீம் என்று தெரிந்தால் ஸ்பாட்டிஃபை விநியோக நிறுவனத்துக்கு அபராதம் போடுகிறது, பாட்டு நீக்கப்படலாம். கலைஞர்களுக்கென்று இருக்கும் ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கத்தில், ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் தொகுப்பாளர்களுக்கு நம் பாட்டை நாமே இலவசமாகப் பரிந்துரைக்கலாம். வெளியீட்டுக்கு 7 நாள் முன்னதாகவே செய்துவிட்டால், பின்தொடர்கிறவர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் காட்டும் ரிலீஸ் ரேடார் பட்டியலில் பாட்டு வந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் பாட்டைக் கடையில் வைக்கும் வேலை. ஆள் பழக்கம் வேறு. யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்கிற ஓப்பன் மைக் மேடைகள் நல்லவைதான். எந்த வரியில் சபை நிமிர்கிறது என்று அங்கேதான் தெரியும். ஆனால் அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் தம் முறைக்காகக் காத்திருக்கிற பாடகர்கள்.

என் ஓட்டு குறும்படக்காரர்களுக்கு. சென்னை லயோலா கல்லூரியின் விஸ்காம் துறை, தரமணி திரைப்படக் கல்லூரி போன்ற இடங்களில் மாணவர்கள் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபில் காப்பிரைட் கிளெய்ம் வந்து நிற்கும். அவர்களுக்குச் சொந்தப் பாட்டு வேண்டும், கொடுக்கப் பணம் இருக்காது. உங்களிடம் பாட்டு இருக்கிறது, ஆள் பழக்கம் இல்லை. இதைவிடப் பொருத்தமான கூட்டு இருக்க முடியாது! அந்த இயக்குநரோ எடிட்டரோ நாளை பெரிய வேலைக்குப் போகும்போது, பாட்டுக்கு முதலில் நினைவுக்கு வருவது கூட வேலை செய்தவர்தான். எந்த விளம்பரச் செலவும் இதைத் தராது.

இலவசமாகக் கொடுத்தாலும் எழுதிக் கொடுங்கள். 'இந்தப் படத்துக்கு மட்டும் அனுமதி, பாட்டின் உரிமை என்னிடமே' என்று ஒரு பக்கக் கடிதம் போதும். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, படத்தில் வரும் பாட்டு திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது ராயல்டியில், பாட்டின் உரிமையை வாங்கியவரோடு சமபங்கு பெறும் உரிமை பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உண்டு. அதை வாரிசுக்கோ ஐபிஆர்எஸ் போன்ற பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. டைட்டில் கார்டிலும் யூடியூப் விவரக் குறிப்பிலும் உங்கள் பெயரும் சேனல் லிங்க்கும் வர வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.