சீசன் டிக்கெட்டை வாட்ஸாப் படமா வாங்காதீங்க, ஆயிரம் ரூபா போச்சு

சென்னை மாம்பலம் ஸ்டேஷன், ரங்கநாதன் தெரு பக்கம் இறங்கற படிக்கட்டு, இன்னிக்குக் காலை. டி.டி.இ. கை நீட்டி நிறுத்தினாரு. அந்தச் சூடு ஆறறதுக்குள்ள எழுதறேன். கடைசில அஞ்சு யோசனை சொல்றேன்.

தாம்பரம்–பீச், செகண்ட் கிளாஸ், மூணு மாச சீசன். ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு ஜெராக்ஸ், பிரவுசிங் கடை. "க்யூல எதுக்குண்ணா நிக்கறீங்க, ரயில்வே ஆப்லயே போட்டுத் தர்றேன்"னான் பையன். ஆதாரை வாங்கி நம்பரை நாலு நாலா வாய்விட்டுப் படிச்சு, டைப் பண்ணி, திருப்பி ஒருதடவை சரிபார்த்தான். அங்கதான் விழுந்தேன். ஏமாத்தறவன் இவ்ளோ அக்கறையா நம்பர் பார்ப்பானா? யூபிஐல 750 ரூபா. அஞ்சு நிமிஷத்துல வாட்ஸாப்ல படம் வந்துடுச்சு. பேரு, அடையாள அட்டை நம்பர், ஊர், தேதி எல்லாம் கச்சிதம்.

டி.டி.இ. படத்தைப் பெருசு பண்ணிக்கூடப் பார்க்கல. "ஆப்பைத் திறங்க சார்." என் போன்ல அந்த ஆப்பே கிடையாது. 250 அபராதம், அதுக்கு மேல டிக்கெட் காசு. 750-உம் 250-உம் ஆயிரம்.

அவர் மேல தப்பில்ல. பேப்பர் இல்லாத டிக்கெட்னா, எந்தப் போன்ல எடுத்தோமோ அதே போன்ல, ஆப்புக்குள்ளருந்து திறந்து காட்டினாத்தான் டிக்கெட். நெட் இல்லாட்டியும் திறக்கும், அதனால சிக்னல் இல்லைங்கற சாக்கும் எடுபடாது. ஸ்கிரீன்ஷாட் செல்லாது. ஒரே படத்தை நாப்பது பேருக்கு அனுப்பலாம், பேரையும் மாத்தலாம், அதான் காரணம். இதுலயே இன்னொரு கண்ணி இருக்கு: ஆப்ல "பேப்பர் டிக்கெட்"னு எடுத்தா, புக்கிங் நம்பரை வச்சு ஸ்டேஷன் மெஷின்லயோ கவுன்டர்லயோ பிரிண்ட் எடுத்தே ஆகணும். பிரிண்ட் இல்லாம ஏறினா அதுவும் வித்தவுட்தான்.

வயிறு எரியறது எதுக்குன்னா, படத்துலயே குட்டு இருந்துச்சு. வாங்கின அன்னிக்கே சீசன் ஆரம்பம்னு தேதி போட்டிருந்தான். ஆப்ல எடுக்கற புது சீசன் மறுநாள்லருந்துதான் செல்லும். தெரிஞ்ச விஷயம், கண்ணுல படல.

கடைக்குப் போனேன். முதல்ல "சர்வர் பிரச்சனைண்ணா." அப்புறம் "எல்லாரும் ஸ்கிரீன்ஷாட்தான் காட்றாங்க, உங்களை மட்டும் எப்படிப் பிடிச்சாங்க?" பிடிபட்டது என் தப்பாம்! சாயந்தரம் திரும்பப் போனா, "ஓனர் ஊர்ல இல்ல, அவருதான் ரீஃபண்ட் போடணும்." ஓனர் நம்பருக்கு அனுப்பின மெசேஜ் ஒத்தை டிக்கோட நிக்குது. யூபிஐல பணம் போன பேரைப் பார்த்தா, கடைப் பேரும் இல்ல, பையன் பேரும் இல்ல. கவுன்டர்ல விசாரிச்சா, அந்த 750 ரூபாயே சீசன் விலையைவிட அதிகம். இருந்த டிக்கெட்டுக்குக் கூட வச்சு வித்தான்னா பரவால்ல, இல்லாத டிக்கெட்டுக்கு!

இப்ப சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930-க்குப் போட்டு, போனைத் தோள்ல இடுக்கிட்டு அடிச்சிட்டிருக்கேன். அதனால அவசரமா:

சீசனை உங்க போன்ல, உங்க லாகின்லயே எடுங்க. ஸ்டேஷனுக்குள்ள நின்னு எடுக்க முடியாது, வெளியவே முடிச்சுட்டு உள்ள வாங்க. முடியற தேதிக்குப் பத்து நாள் முன்னாடியே புதுப்பிக்கலாம், கடைசி நாள் அவசரத்துலதான் இந்த மாதிரிக் கடைக்குப் போவோம்.

ஆப் சரிப்படாதுன்னா கவுன்டர். கையில பேப்பர் வராம காசு தராதீங்க.

பீச்–செங்கல்பட்டு ஏசி வண்டில சாதா சீசன் செல்லாது, அதுக்கும் இதே 250-தான்...

லைன் கிடைச்சிடுச்சு. மீதி அப்புறம்.