பள்ளித் தோட்டத்துக்குப் பையா, பாத்தியா?

எங்கள் தொடக்கப் பள்ளி பெருந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தோட்டக் குழு தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் வளர்ப்புப் பை, அடுத்த வருடம் தரையில் பாத்தி. இனிமேல் பாத்திதான் என்று முடிவு செய்துவிட்டோம்.

பையின் வசதி பார்த்தவுடனே தெரியும். வாங்கிய அன்றே நட்டுவிடலாம், களை குறைவு, சின்னப் பிள்ளை குனிய வேண்டியதில்லை. பாத்திக்கு மம்முட்டி பிடிக்க ஆள் வேண்டும். பெற்றோர் இரண்டு பேர் ஒரு சனிக்கிழமை வந்து கொத்திக் கொடுத்தார்கள். இதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். சமாளிக்க முடியாதது லீவு.

ஜூனில் 24 பைகளில் தென்னை நார்க்கழிவும் எருவும் கலந்து தக்காளி, கத்தரி வைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். சனி, ஞாயிறு தாண்டினாலே திங்கட்கிழமை இலை தொங்கிக் கிடக்கும். காலாண்டு லீவில் புரட்டாசி வெயில். திரும்பி வந்தபோது கலவை காய்ந்து பையின் ஓரத்தை விட்டு விலகி நின்றது. ஊற்றிய தண்ணீர் ஓரமாகவே இறங்கி அடித்துளை வழியே ஓடியது. பாதிக்கு மேல் போய்விட்டது. "டீச்சர், என்னுது மட்டும் செத்துப் போச்சுங்" என்று ஒரு இரண்டாம் வகுப்புப் பிள்ளை அழுதாள். பெயர் எழுதியதில் இப்படி ஒரு வலி இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. பாத்தியில் செடி எல்லாருக்கும் பொது. ஒன்று போனாலும் யாருடையதும் போகவில்லை.

பாத்தியை இரண்டரை அடி அகலத்தில் போட்டோம். ஆறு வயதுக் கை இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவரை எட்டும், மண்ணை மிதிக்க வேண்டாம். முக்கால் அடி ஆழத்தில் தேங்காய் மட்டைகளைக் குழிவு மேலே பார்க்கப் புதைத்தோம். தென்னந்தோப்புகளில் ஈரம் காக்கச் செய்கிற பழைய வேலைதான் அது. மேலே வேப்பஞ்சருகை மூடாக்காகப் பரப்பினோம். அந்த வருடக் காலாண்டு லீவு முடிந்து வந்து விரலை விட்டுப் பார்த்தால், மேல்மண் காய்ந்திருந்தாலும் அடியில் ஈரம் இருந்தது.

என்ன நடுகிறோம் என்பதையும் லீவை வைத்தே முடிவு செய்தோம். பள்ளி திறந்ததும் விதை மஞ்சள், இடையில் சின்ன வெங்காயம், ஓரத்தில் முள்ளங்கி. முள்ளங்கி 45 நாளில் வந்துவிடும். வெங்காயம் ஆகஸ்ட் முடிவதற்குள் பிடுங்கியாகிவிடும். மஞ்சள் மட்டும் நிற்கும். காலாண்டு லீவில் அதன் இலை கொஞ்சம் சுருண்டது. தண்ணீர் விட்டதும் மறுநாள் விரிந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய ஈரோட்டு மஞ்சள் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பெரிதில்லை. பொங்கல் லீவுக்கு முந்தின நாள் ஆளுக்கொரு மஞ்சள் கொத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

பாத்திக்கு வந்த தொல்லை மயில். முளைத்த முள்ளங்கியை ஒரே காலையில் கொத்திப் போட்டது. சுற்றிலும் பழைய சேலை கட்டிய பிறகு வருவது குறைந்தது, அடியோடு நிற்கவில்லை.

எங்களுடையது செம்மண். தண்ணீர் தேங்குகிற கரிசலில் பாத்தியை இன்னும் உயர்த்த வேண்டியிருக்கும். நான் செய்து பார்த்ததில்லை. திருப்பூர், கோவை நகரத்துக்குள் முற்றம் முழுக்க சிமெண்ட் போட்ட பள்ளிக்குப் பையை விட்டால் வழியில்லை. அவர்கள் லீவு தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிற கீரையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அரைக்கீரையும் சிறுகீரையும் ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும்.

எங்களிடம் வெயிலில் கிழியாமல் மிஞ்சியது ஐந்து பை. அவற்றைக் கைகழுவும் குழாயடியில் வைத்துப் புதினா ஊன்றியிருக்கிறோம்.