ஏபிகே அனலைசர்: கோளாறைக் காட்டும், கூட்டி வந்தவனைக் காட்டாது

சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளுக்கு பில்லிங் ஆப் செய்து தருபவர்களுக்கு இப்போதைய தலைவலி, பிரிண்டர் கம்பெனிகள் கொடுக்கும் பழைய லைப்ரரிகள்தான் (ஆப்புக்குள் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த கோடு). அவற்றில் பல 4 கேபி பேஜுக்காகச் செய்தவை. ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலோ டார்கெட் செய்யும் ஆப் 16 கேபி பேஜ் அளவுக்கு (போன் மெமரியைப் பிரித்துக் கையாளும் துண்டின் அளவு) ஒத்துப்போக வேண்டும் என்பது 2025 நவம்பர் 1 முதல் பிளே ஸ்டோர் விதி.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் பில்ட் மெனுவிலேயே இருக்கும் ஏபிகே அனலைசர் இதற்கு அருமையான கருவி, காசும் இல்லை. ரிலீஸ் ஏபிகேயை, அதாவது வெளியிடப்போகும் ஆப் கோப்பை, அதில் திறந்து, லிப் ஃபோல்டருக்குள் 64-பிட் போன்களுக்கான ஆர்ம்64-வி8ஏ-வைப் பாருங்கள். அலைன்மென்ட் பத்தியில் 4 கேபி என்று காட்டும் எஸ்ஓ கோப்புதான் (லைப்ரரியின் கம்பைல் செய்த பகுதி) சிக்கல். ஆனால் அந்தக் கோப்பு எந்த லைப்ரரியோடு வந்தது என்று அனலைசர் சொல்லாது, பெரிய குறை. பெயரை வைத்து ஊகித்து, ஒரு லைப்ரரி எதன் வழியாக உள்ளே வந்தது என்று காட்டும் கிரேடில் டிபென்டென்சி இன்சைட்டில் தேட வேண்டும்.

சொந்த சி++ கோடு என்றால் ஆண்ட்ராய்டுக்கு சி++ கோடை பில்ட் செய்யும் என்டிகே கருவியின் ஆர்28-ல் மறுபடி பில்ட் செய்தால் போதும். சோர்ஸ் கோடு தராத மூடிய எஸ்ஓ-வுக்கு அது பலிக்காது. ஏஜிபி-யை (ஆப்பை பில்ட் செய்யும் கிரேடில் ப்ளகின்) 8.5.1-க்கு ஏற்றினாலும் ஏபிகே எனும் ஜிப்புக்குள் கோப்பு உட்காரும் இடம்தான் சரியாகும், எஸ்ஓ-வுக்குள் இருக்கும் எல்ஃப் செக்மென்ட் (மெமரியில் ஏற்றப்படும் பகுதி) அப்படியேதான். கம்பெனியிடம் புது வெர்ஷன் கேளுங்கள். கிடைக்காவிட்டால், பிரிண்டர் ஏற்கும் பட்சத்தில், ப்ளூடூத்தில் பில் பிரிண்டர்களுக்கான பொதுவான இஎஸ்சி-பாஸ் கட்டளையை நேராக அனுப்பி லைப்ரரியையே தூக்கிவிடலாம்.

சோதிக்க, கணினியில் போன் போல ஓடும் எமுலேட்டருக்கு 16 கேபி இமேஜ் வேண்டும். ஏற்காட்டு சிக்னலை நம்பாமல் சேலத்திலேயே இறக்கிக்கொள்ளுங்கள். எமுலேட்டருக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி ஷெல்லில் பேஜ் அளவைக் கேட்டால் 16384 வர வேண்டும். 4096 வந்தால் போட்டது பழைய இமேஜ்.